முதல் கொம்புச்சா ஜாடி: பெங்களூர் வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொம்புச்சா என்பது இனிப்பு டீயைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம்; புளிக்கும்போது அதன் மேலே கட்டும் வழவழப்பான ஆடைதான் ஸ்கோபி. என்னிடம் ஸ்கோபி வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வாரமே போன் செய்வார்கள். கேள்வி எல்லாம் அந்த ஆடையைப் பற்றித்தான் இருக்கும். மூழ்கிவிட்டதே, ஓரம் கிழிந்துவிட்டதே, நடுவில் ஓட்டை விழுந்துவிட்டதே என்று. ஆடை கிழிந்ததால் கெட்டுப்போன ஜாடியை நான் பார்த்ததே இல்லை. கெட்டதெல்லாம் வேறு காரணங்களால்: ஸ்டார்ட்டர் போதவில்லை, டீ ஆறவில்லை, மூடிய துணி சரியில்லை. இந்த மூன்றும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிற விஷயங்கள். அதனால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

கணக்கு எல்லாம் 3 லிட்டர் கண்ணாடி ஜாடிக்கு. அதில் சுமார் 2.3 லிட்டர் கொம்புச்சா போடலாம்.

1. முதலில் ஸ்டார்ட்டர், அப்புறம் மற்றதெல்லாம்

ஸ்டார்ட்டர் என்பது ஏற்கெனவே நன்றாகப் புளித்த, எதுவும் கலக்காத பழைய கொம்புச்சா. தயிருக்கு உறை மோர் எப்படியோ, இதற்கு ஸ்டார்ட்டர் அப்படி. உயிருள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்த நீரில்தான் இருக்கின்றன. ஸ்கோபி என்று எல்லோரும் தாங்கிப் பிடிக்கும் வழவழப்பான தட்டு, பாக்டீரியா நெய்த செல்லுலோஸ். அதற்குள்ளும் உயிர் உண்டு, ஆனால் அது இல்லாமலும் வேலை நடக்கும். நல்ல ஸ்டார்ட்டர் போட்டால் புது ஆடை தானாகவே கட்டும்.

ஸ்டார்ட்டர் இன்னொரு வேலையும் செய்கிறது. இனிப்பு டீ மட்டும் இருந்தால் அதில் எந்தப் பூசணமும் குடியேறலாம். ஸ்டார்ட்டரின் புளிப்பு முதல் நிமிடத்திலிருந்தே டீயை அமிலமாக்கி, வேண்டாததைத் தள்ளி வைக்கிறது. 2 லிட்டர் டீக்குக் குறைந்தது 300 மில்லி ஸ்டார்ட்டர் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் 400 மில்லி.

யாராவது உங்களுக்கு ஒரு தட்டையும் அதோடு 100 மில்லி நீரையும் மட்டும் கொடுத்தால், 3 லிட்டர் ஜாடியைத் தொடாதீர்கள். 700 மில்லி டீயில் சின்னதாக ஒன்று போடுங்கள். அது புளித்ததும் முழுவதையும் அடுத்த தடவைக்கு ஸ்டார்ட்டராக வைத்துக்கொள்ளலாம். இருக்கிற ஸ்டார்ட்டருக்குத் தக்கபடிதான் டீயின் அளவு; ஜாடியின் அளவைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கொடுக்க ஆள் இல்லை என்றால், கடையில் கிடைக்கும் கொம்புச்சாவிலிருந்தும் வளர்க்கலாம். லேபிளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பழச் சுவை, இஞ்சி எதுவும் சேராதது, பாஸ்ச்சரைஸ் செய்யாதது, வடிகட்டாதது. அப்படி ஒரு 300 மில்லி பாட்டிலை அரை லிட்டர் ஆறிய இனிப்பு டீயில் ஊற்றி, துணி கட்டி வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் மேலே ஆடை கட்டும். இந்த வழிக்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்கள் ஆள் பிடிப்பதே நல்லது.

2. பாத்திரங்கள்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்று. ஆடை மேற்பரப்பில்தான் கட்டுகிறது, பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். குறுகிய வாய் உள்ள பாட்டிலில் போட்டால் புளிப்பு ஏற நாளாகும்.

செம்பு, பித்தளை, அலுமினியம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு எதுவும் வேண்டாம். இந்தப் புளிப்பு வாரக்கணக்கில் உலோகத்தை அரிக்கும். பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடியைப் பலரும் ஆசையாக எடுத்து வருகிறார்கள். அதன் பளபளப்புப் பூச்சில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, ஊறுகாயோடு அது ஓய்வெடுக்கட்டும். எவர்சில்வர் வடிகட்டி, கரண்டி பரவாயில்லை, சில நொடிகள்தான் படுகின்றன.

இவற்றோடு சமையலறைத் தராசு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, அகலமான ரப்பர் பேண்ட், பி.எச். தாள். புளிப்பை அளக்கத்தான் இந்தத் தாள்; பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பி.எச். தாள் வாங்கும்போது 1 முதல் 14 வரை காட்டும் பொதுத் தாளை வாங்காதீர்கள். 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் அதில் சரியாகத் தெரியாது. 6-க்குக் கீழே மட்டும் அளக்கும் குறுகிய வரம்புத் தாள் ஆன்லைனில் கிடைக்கிறது.

ஜாடியை சோப்பு போட்டுக் கழுவினால் வாசனை போகும்வரை அலசி, கடைசியில் வெந்நீர் விட்டுக் கவிழ்த்து வையுங்கள். கொதிநீரை நேராகக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பாக, அப்புறம் சூடாக.

3. தண்ணீர்

காவிரித் தண்ணீர் வரும் வீடு என்றால் அதில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறார்கள், நாம் வளர்ப்பதும் கிருமிதான். ஐந்து நிமிடம் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் போதும்.

போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீர் என்றால் பிரச்சினை வேறு. கெட்டில் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அந்தத் தண்ணீரில் டீ கலங்கலாக இறங்கும், மேலே ஏடு மாதிரி ஒன்று மிதக்கும். புளிப்பு ஏறுவதும் மந்தமாகும். இதற்குக் கொதிக்க வைப்பது மட்டும் போதாது, ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. டீயும் சர்க்கரையும்

2 லிட்டருக்கு 12 கிராம் இலைத் தேயிலை. நீலகிரி இலைத் தேயிலை இதற்கு அருமையாக ஒத்துவரும். வீட்டில் பால் டீக்கு வாங்கிய டஸ்ட் டீதான் இருக்கிறது என்றால் 8 கிராம் போதும். அது சீக்கிரம் இறங்கி, கசப்பும் கூடுதலாகத் தரும். பாதி கறுப்பு, பாதி கிரீன் டீ என்றும் கலக்கலாம்.

மசாலா டீ வேண்டாம். கிராம்பு, ஏலக்காய் எண்ணெய்கள் கிருமிகளை ஒடுக்கும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் வாசனை சேர்த்த டீயும் அப்படியே. துளசி, செம்பருத்தி போன்றவற்றை மட்டும் வைத்துப் போட்டால் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து கிடைக்காது.

சர்க்கரை 140 கிராம், சாதாரண வெள்ளைச் சர்க்கரை. இங்கேதான் எல்லோரும் கை வைக்கிறார்கள். எதிர் வீட்டு அக்கா 'உடம்புக்கு நல்லதில்லையே' என்று 50 கிராமோடு நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் ஆகியும் பச்சைத் தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது. ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலாக்குகிறது, பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக்குகிறது. சர்க்கரை குறைந்தால் கடைசியில் அமிலமும் குறையும். இனிப்பு வேண்டாம் என்றால் சர்க்கரையைக் குறைக்காமல் நாளைக் கூட்டுங்கள்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் பிறகு முயலலாம். வெல்லத்தில் போட்டால் ஈஸ்ட் ஆட்டம் அதிகமாகி வாசனை மாறும். முதல் தடவையிலேயே அது இயல்பா கெட்டதா என்று குழம்ப வேண்டாம். ஸ்டீவியாவோ செயற்கை இனிப்போ எதுவும் உதவாது, அதைத் தின்று எதுவும் வளராது.

5. டீ போட்டு ஆற வைத்தல்

முழு 2 லிட்டரையும் கொதிக்க வைத்து டீ போட்டால் ஆறுவதற்கு அரை நாள் ஆகும். பொறுமை போய், சூட்டோடு ஸ்டார்ட்டரை ஊற்றுவது அங்கேதான் நடக்கிறது. அதனால் இப்படிச் செய்யுங்கள்.

முந்தின நாள் இரவே 1.3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி ஆற வைத்துவிடுங்கள். காலையில் 700 மில்லியை மட்டும் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கிரீன் டீ கலந்தால் ஐந்து நிமிடம் போதும். தேயிலையைக் கொதிக்க விடாதீர்கள், நம் வீட்டு டீ பழக்கம் இங்கே உதவாது, கசந்துவிடும்.

வடிகட்டிய சூட்டிலேயே சர்க்கரையைக் கரையுங்கள். பிறகு ஆறிய 1.3 லிட்டரைச் சேருங்கள். இப்போதே வெதுவெதுப்புக்கு வந்துவிடும், இன்னும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறை வெப்பத்துக்கு இறங்கும்.

30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லை என்றால், பாத்திரத்தின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கொஞ்சமும் சூடு தெரியக்கூடாது. 'லேசாகத்தான் சூடு' என்பது போதாது. சூட்டில் ஸ்டார்ட்டர் பாதி செத்துவிட்டால் உடனே எதுவும் தெரியாது. ஐந்தாம் நாள் பூசணம் பிடிக்கும்போதுதான் தெரியும்.

6. சேர்க்கும் வரிசை

ஜாடியில் முதலில் ஆறிய டீ. அப்புறம் ஸ்டார்ட்டர், சுத்தமான கரண்டியால் ஒரு கலக்கு. அப்புறம் பி.எச். தாளால் சோதனை. எல்லாம் சரி என்றால் கடைசியில் ஸ்கோபி.

ஸ்கோபியைக் கடைசியில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் போட்ட பிறகு யாரும் கலக்குவதில்லை, அளப்பதும் இல்லை. புளிப்பு போதவில்லை என்று தெரிந்தால் திருத்துவதற்கு இதுதான் நேரம்.

பி.எச். 4.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் இன்னும் ஸ்டார்ட்டர் சேருங்கள். அது இல்லை என்றால் சாதாரண வெள்ளை வினிகர் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்கி மறுபடி பாருங்கள். வடிகட்டாத ஆப்பிள் சைடர் வினிகரைச் சேர்க்காதீர்கள், அதற்குள்ளே வேறு உயிர்கள் இருக்கும்.

ஸ்கோபியைக் கழுவிய கையால் எடுத்து மெதுவாக விடுங்கள். மிதக்கலாம், மூழ்கலாம், சாய்ந்து நிற்கலாம். எதுவானாலும் சரி.

7. மூடுதலும் இடமும்

பன்னீர் வடிகட்டும் மெல்லிய துணி போதாது. அதன் இழைகளுக்கு நடுவே பழ ஈ புகுந்து முட்டை இடும். பழைய பருத்தி வேட்டித் துணி இரண்டு மடிப்பு சரியாக இருக்கும். ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டு, ஓரத்தில் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது. மாம்பழ சீசனிலும் மழைக்காலத்திலும் இந்த ஈத்தொல்லை பெங்களூரில் நிச்சயம். காற்றுப் புகாத மூடி போடக்கூடாது.

நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள ஓர் அலமாரித் தட்டு போதும். குப்பைக் கூடை, பழத்தட்டு, ஊதுபத்திப் புகை, கரப்பான் மருந்து அடிக்கும் மூலை இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறிப் பூசணம் பூத்த சுவர் இருக்கிற அறையே வேண்டாம்.

கொம்புச்சாவுக்குப் பிடித்தது 24 முதல் 29 டிகிரி. பெங்களூரில் பெரும்பாலான மாதங்களில் அது தானாகவே கிடைக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். குளிரில் புளிப்பு மெதுவாக ஏறும், அந்த இடைவெளியில் பூசணம் முந்திக்கொள்ளும். ஃபிரிட்ஜின் மேல் வைத்தால் அதன் லேசான சூடு உதவும். மின்சார அடுப்புப் பெட்டி இருந்தால் அணைத்த நிலையில் அதற்குள் வைக்கலாம், ஆனால் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். யாராவது கேக் செய்யக் கிளம்பிவிடுவார்கள்.

8. காத்திருக்கும் நாட்கள்

மூன்று, நான்கு நாளில் மேலே மெல்லிய, கண்ணாடி போன்ற படலம் தெரியும். பிறகு அது வெண்மையாகித் தடிக்கும். அடியில் பழுப்பு நூல்கள் தொங்கும், அது ஈஸ்ட். படலத்துக்கு அடியில் குமிழ்கள் தங்கும். இதெல்லாம் இயல்பு. வினிகர் வாசனையும் இயல்பு.

பூசணத்தை அடையாளம் காண ஒரே வழி, அது உலர்ந்து இருக்கும். மேற்பரப்பில் ரோமம் ரோமமாக, வட்டமாக, வெள்ளை, பச்சை, கறுப்பு நிறங்களில். ஈரமாக வழவழப்பாக இருந்தால் அது ஆடை. சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். பூசணம் என்றால் அதற்குள் நிறம் ஏறிவிடும்.

பூசணம் உறுதியானால் எல்லாவற்றையும் கொட்டுங்கள். நீர், ஸ்கோபி, துணி, எல்லாம். மேலே மட்டும் வழித்துவிட்டுக் குடிப்பது கூடாது, ஸ்கோபியைக் கழுவிக் காப்பாற்றுவதும் கூடாது. மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் கொட்டுங்கள்.

இன்னொன்று, ஜாடியை ஆட்டாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட தினமும் தூக்கிக் காட்டினால் புது ஆடை கலைந்து மூழ்கி, மறுபடி முதலிலிருந்து கட்டும்.

9. எப்போது எடுப்பது

நாள் கணக்கு வெறும் வழிகாட்டிதான், நாக்குதான் முடிவு செய்ய வேண்டும். கோடையில் 6 முதல் 8 நாள், மழைக்காலத்தில் 8 முதல் 11, குளிர்காலத்தில் இரண்டு வாரமும் ஆகலாம்.

ஆறாம் நாளிலிருந்து, சுத்தமான ஸ்ட்ராவை ஆடையின் ஓரமாக இறக்கி, மேல் முனையை விரலால் மூடி எடுத்து ருசி பாருங்கள். வாய் வைத்த ஸ்ட்ராவை மறுபடி விடக்கூடாது. இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் இடம்தான் எடுக்கும் நேரம். பி.எச். 2.8-க்கும் 3.3-க்கும் நடுவே இருக்கும். 2.5-க்குக் கீழே போனால் குடிக்கத் தோதுப்படாது, ஆனால் அருமையான ஸ்டார்ட்டர்.

10. பாட்டிலில் அடைத்தல்

முதல் வேலை, அடுத்த தடவைக்கான 300 மில்லி ஸ்டார்ட்டரை மேலிருந்து எடுத்து வைப்பது. அதுவும் கலக்குவதற்கு முன்பே. மேற்பகுதியில் பாக்டீரியா அதிகம், அடியில் ஈஸ்ட் வண்டல் அதிகம். வண்டலையே திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டராக எடுத்தால் சில தடவைகளில் ஜாடி ஈஸ்ட் வாசம் அடித்து, புளிப்பு குறையும். எல்லாவற்றையும் பாட்டிலில் ஊற்றிவிட்டு 'ஐயோ ஸ்டார்ட்டர்' என்று நிற்பவர்களும் உண்டு.

அப்புறம் மீதியை ஒரு கலக்கு கலக்குங்கள். கலக்காமல் ஊற்றினால் முதல் பாட்டில் சப்பென்றும் கடைசிப் பாட்டில் பொங்கியும் வரும், ஈஸ்ட் எல்லாம் அடியில் தங்கிவிடுவதால்.

நுரை வேண்டாம் என்றால் நேராக ஃபிரிட்ஜ். வேண்டும் என்றால் அழுத்தம் தாங்கும் உருண்டையான, தடித்த கண்ணாடி பாட்டில்தான் வேண்டும். சதுரமாக, அழகுக்காகச் செய்த கிளிப் மூடி பாட்டில்கள் மூலையில் வெடிக்கும். ஜாம் பாட்டிலும் வேண்டாம்.

750 மில்லி பாட்டிலுக்கு 50 மில்லி பழச்சாறு, அல்லது ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு. என் ஓட்டு பெங்களூர் நீலத் திராட்சைக்கு. அதன் வாசனை இந்தப் புளிப்போடு சேரும்போது வேறெந்தப் பழமும் கிட்டே வராது. கையால் நசுக்கி, தோலையும் விதையையும் வடிகட்டிவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றுங்கள். மாம்பழக் கூழ் ருசிதான், ஆனால் சர்க்கரையும் சக்கையும் சேர்ந்து மூடியைத் திறந்தால் கூரை வரை போகும். மே மாதத்தில் அதை ஒரே நாளில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள்.

மேலே 3 சென்டிமீட்டர் இடம் விட்டு மூடுங்கள். கூடவே ஒரு பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். கண்ணாடிக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வழியில்லை, பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்க்கலாம். அது கல்லாக இறுகிவிட்டால் எல்லாப் பாட்டில்களும் ஃபிரிட்ஜுக்குப் போகும் நேரம். வழக்கமாக ஒன்று முதல் மூன்று நாள். அதுவரை பாட்டில்களை மூடிய அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள்.

முழு இரவு குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். சிங்க் மேலே பிடித்து, முகத்தை விலக்கி, மெதுவாக. ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜிலும் புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

11. யாருக்குக் கொடுக்கக்கூடாது

முதல் தடவை அரை டம்ளரோடு நிறுத்துங்கள், வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், ஈரல், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வேண்டாம். புளிக்கும்போது சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை, அதனால் சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்ட பிறகுதான் குடிக்க வேண்டும்.

கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும். பாட்டிலில் பழச்சாறோடு மூடி வைத்தது அரை சதவீதத்தைத் தாண்டக்கூடும். மதுவே தொடாதவர்கள் வீட்டுக்கு வந்தால் ஊற்றிக் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

12. ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ இரண்டு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஸ்கோபியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் பாக்டீரியா சோர்ந்து, திரும்ப எடுத்துப் போடும்போது பூசணம் எளிதில் பிடிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் புதிதாக ஒரு முழு ஜாடி போட்டு, துணியை இறுக்கிக் கட்டி அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் வரை கவலை இல்லை. திரும்பி வரும்போது குடிக்க முடியாத அளவுக்குப் புளித்திருக்கும். அதிலிருந்து ஸ்டார்ட்டர் எடுத்துப் புது ஜாடி போடுங்கள், மீதியை வினிகருக்குப் பதிலாக வெள்ளரி, வெங்காய சாலட்டில் ஊற்றலாம்.

ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆடை கட்டும். தடித்துக்கொண்டே போனால் அடியில் உள்ள பழுப்பான பழைய அடுக்குகளை உரித்து எடுத்துத் தொட்டி மண்ணில் புதையுங்கள். யாராவது கேட்டால் நல்ல அடுக்கு ஒன்றைக் கொடுங்கள், கூடவே 300 மில்லி ஸ்டார்ட்டரும்.